சோற்றுக்கு அளவு குறித்தவர் யார்?

"அவரவர் உணவு அவரவர் விருப்பம்" என்கிறார்கள். கேட்பதற்கு இனிய வாசகந்தான். ஆனால், கரிசல் காட்டிலே கம்பு விதைத்தவன் கம்பங்கூழ் குடித்தான். காவிரிக் கரையிலே நெல் அறுத்தவனோ, அறுத்த நெல்லை ஆண்டை வீட்டுக் களஞ்சியத்திலே கொட்டிவிட்டு, அவனும் கூழ்தான் குடித்தான். இருவரில் எவன் விருப்பப்படி உண்டவன்? வீட்டார் அனைவரும் உண்டெழுந்த பிறகு, சட்டியின் அடியிலே ஒட்டிக்கிடந்ததை வழித்துத் தின்ற தாய்மார்கள், எந்தப் பட்டியலைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? நாக்கு கேட்பது ஒன்று. நாடு கொடுப்பது மற்றொன்று. இடையிலே நிற்பவை நிலம், கூலி, சாதி, சாத்திரம், சர்க்கார் என்னும் ஐந்தும்!

2024ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அதைச் சார்ந்து ஐதராபாத்திலே இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், இந்தியர்க்கான 17 உணவு நெறிகளை வெளியிட்டன. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர்க்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம், பால் 300 மில்லி லிட்டர் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். உப்பு 5 கிராமைத் தாண்டலாகாது. தட்டிலே பாதி காய்கறியும் பழமுமாக இருத்தல் வேண்டும் என்கிறார்கள். நல்ல நெறிகள். ஆரூடக்காரன் சோழி உருட்டிச் சொன்னவையல்ல. ஆய்வுக்கூடத்திலே அளந்து சொன்னவை. பகுத்தறிவாளர் படிக்கவேண்டும், பரப்பவேண்டும்.

ஆனால் படிக்கும்போதே ஒரு கேள்வி எழவேண்டும். ஏழையின் வயிற்றுக்கு அரசாங்கம் அளவு குறித்தது இதுதான் முதல் தடவையா? அல்ல, தோழர்களே, அல்ல! அந்தக் கதை நீண்டது. அதிலே நமது தென்னாட்டின் கண்ணீர் இருக்கிறது. நமது விருதுநகரின் பெருமையும் இருக்கிறது.

ஒரு ராத்தல் தானியம்

1876 முதல் 1878 வரை தென்னகத்தைத் தீய்த்தது தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்திலே ஊர் ஊராக மக்கள் மடிந்தனர். பஞ்ச நிவாரணம் என்ற பெயரால் அரசாங்கம் மண்வெட்டும் வேலை கொடுத்தது. சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதுதான். வெட்டியவன் வயிற்றுக்கு எவ்வளவு கொடுப்பது?

வைசிராய் லிட்டன் பிரபுவின் தூதராக 1877 ஜனவரியிலே வந்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். ஒன்றரை ராத்தல் தானியம் வாங்குமளவுக்கு இருந்த கூலியை ஒரு ராத்தலாக்கிச் சில காசுகளையும் சேர்த்தார். செலவு மிஞ்சக்கூடாது, கஜானா குறையக்கூடாது, அதுவே அவர் கண்ட ஊட்டச்சத்து விஞ்ஞானம்! மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். உழைக்கும் உடலுக்கு இந்த அளவு போதாது, வெறுந் தானியமும் போதாது. பருப்பு வேண்டும், காய்கறி வேண்டும் என்று வாதாடினார். அவரும் வெள்ளைக்காரர்தான், எனினும் மருத்துவர், செத்த உடல்களை எண்ணியவர். மே மாதத்திலே சென்னை அரசாங்கம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. அதற்குள் புதைகுழிகள் நிறைந்துவிட்டன. பஞ்சம் முடிந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர் தொகை 50 இலட்சத்தைத் தாண்டியது.

ஆக, ஏழைக்கு எழுதப்பட்ட அந்த உணவு விதி, "நலமாக வாழ எவ்வளவு வேண்டும்?" என்று கேட்கவில்லை, "சாகாமலிருக்க எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம்?" என்றே கேட்டது. கேள்வி பிழையானால் கணக்கும் பிழைதானே!

குன்னூரில் எலிகள் சொன்ன பாடம்

அடுத்த காட்சி நீலகிரியிலே. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையிலே, பெரிபெரி நோயை ஆராயும் பணியைத் தொடங்கினார் ராபர்ட் மெக்காரிசன். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இன்று 17 நெறிகளை வகுப்பதும் அதுவே.

மெக்காரிசன் ஒரு சோதனை செய்தார். ஒரே வகை எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு: முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொன்றுக்குப் பட்டாணியர் உணவு, மற்றொன்றுக்கு மராட்டியர் உணவு, வேறொன்றுக்கு வங்காளியர் உணவு, பிறிதொன்றுக்குச் சென்னை மாகாணத்து உணவு: தீட்டிய அரிசி, தொட்டுக்கொள்ள ஏதோ கொஞ்சம். சீக்கிய உணவுண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வங்க உணவும் சென்னை உணவும் உண்டவை நலிந்து கடைசியிலே நின்றன.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சி, "இன்னின்ன சாதியார் பிறவிப் போர்வீரர், மற்றையோர் பிறவிக் கோழைகள்" என்று இராணுவத்துக்கு ஆள் எடுத்தது. நம் நாட்டு வைதீகமோ, "தலையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன்" என்று பல நூற்றாண்டுகளாகப் பாடம் நடத்தியது. எலிக்கு ஏது சாதி? ஏது கோத்திரம்? ஒரே வகை எலி, உணவு மாறினால் ஒன்று பயில்வான், ஒன்று நோயாளி! உடலின் உயர்வு தாழ்வைப் பிறவியிலே தேடாதே, பாத்திரத்திலே தேடு என்று குன்னூர்க் கூண்டுக்குள்ளிருந்து எலிகள் சொல்லிவிட்டன. பிறவித் தத்துவத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எழுதிவிட முடியுமா?

புழுங்கலும் பச்சையும்

பெரிபெரி என்பது காலை முடக்கி, இருதயத்தையும் நிறுத்தும் நோய். ஜாவாத் தீவிலே, 1890களில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் ஒன்றைக் கண்டார். தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் முடங்கின. தவிடு கொடுத்ததும் எழுந்து நடந்தன. தவிட்டிலே உள்ள உயிர்ச்சத்துத்தான் பின்னர் தயமின் எனப்பட்டது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு வந்தது.

சென்னை மாகாணத்திலே இந்த நோய் எங்கே குடியிருந்தது? பச்சரிசியை ஆலையிலே தீட்டி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில்! புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. குன்னூரிலே 1935 முதல் தலைமையேற்ற அய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும் காரணத்தை விளக்கினர்: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை.

பச்சரிசிதான் "சுத்தம்", பூசைக்கும் திதிக்கும் அதுவே உரியது, புழுங்கலரிசி உழைப்பவன் வீட்டுப் பண்டம் என்று சாத்திரம் பேசியவர்கள் உண்டு. விஞ்ஞானம் வந்து தராசிலே வைத்தபோது, "சுத்தம்" மேலே போயிற்று. சத்து கீழே, உழைப்பவன் பக்கம், தாழ்ந்து நின்றது! சாத்திரம் உணவைப் பிரித்தது அந்தஸ்துக்காக. உடல் அந்தஸ்தை அறியாது. சத்தை மட்டுமே அறியும்.

கரிசல் சீமையிலும் இந்த அந்தஸ்து நோய் பரவாமலில்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த மண் இது. ஆனால் "நெல்லுச் சோறு" நல்ல நாளுக்குரியது, வசதியுள்ளவர் வீட்டுக்குரியது என்றிருந்தமையால், கையிலே நாலு காசு வந்தவுடன் கம்பு ஏழ்மையின் அடையாளமாயிற்று. இரும்பும் நாரும் உள்ள தானியத்தைத் தள்ளிவிட்டு வெண்சோற்றை நாடியது அறியாமை மட்டுமன்று. அவமானப்பட்ட மக்கள் மானத்தைத் தேடிய வழி அது. இதை உணராமல், "பழைய உணவுக்குத் திரும்புங்கள்" என்று மேடையிலே உபதேசம் செய்பவர், பழைய வறுமைக்கே திரும்பச் சொல்வதாக ஏழைக்குத் தோன்றினால், குற்றம் யாருடையது?

பிடி அரிசி

இனி விருதுநகருக்கு வருவோம். அந்நாளிலே அதன் பெயர் விருதுபட்டி. கோயில் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்ட மக்கள், 1889இல் அங்கே சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை எழுப்பினர். பள்ளிக்கு நிதி? வீடுதோறும் உலை வைக்கும்போது, பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே கலயத்திலே போட்டுவைப்பார்கள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். சோற்றிலிருந்து ஒரு பிடியைக் குறைத்து, அறிவிலே ஒரு படி ஏறிய மக்கள்!

அந்தப் பள்ளியிலே படித்து, தந்தையை இழந்து, படிப்பைப் பாதியிலே நிறுத்தியவர்தாம் 1903இல் பிறந்த காமராசர். பசியும் படிப்பும் ஒரே இலையிலே பரிமாறப்படவேண்டியவை என்பதை ஏட்டிலே படித்து அறியவேண்டிய நிலை அவருக்கில்லை.

அவருக்கு முன்பே வழி காட்டியது சென்னை மாநகராட்சி. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் அதன் தலைவராக வீற்றிருந்தபோது, 1920 செப்டம்பர் 16ஆம் நாள், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலே 1922-23இல் 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25இல் 1,671 ஆயினர். பசியைப் போக்கினால் பள்ளி நிறையும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி எதற்கு? ஆனால் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கில அரசாங்கம் மறுக்கவே, 1925இல் அது தடைப்பட்டது. டெம்பிளின் ஆவி கோப்புகளிலே இன்னும் உலவிக்கொண்டிருந்தது போலும்!

1953இல் இராசாசி ஆட்சி, பிள்ளைகளுக்கு அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்றது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார்; ஊரெங்கும் பள்ளிகளைத் திறந்தார்; எட்டயபுரத்திலே மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதைச் செயலிலே காட்டினார். ஊரார் தந்ததும் அரசு தந்ததும் சேர்ந்து அடுப்பு எரிந்தது. விருதுபட்டியின் பிடி அரிசிக் கலயம் நாட்டளவுக்கு விரிந்தது எனலாம்.

கருத்தால் எதிர்முகாமிலே நின்ற தலைவர்தாம் அவர். 1967இல் விருதுநகர்த் தொகுதியிலேயே அவரைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்தது தி.மு.க. ஆயினும் அவர் ஏற்றிய அடுப்பை அணைக்க எவர்க்கும் மனம் வரவில்லை. 1982 ஜூலையிலே எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 1989இல் கலைஞர் ஆட்சி இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது; 2010இல் வாரத்துக்கு ஐந்து என்ற நிலை வந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். கட்டாயமில்லை, ஆனால் ஒருவர் விரதம் மற்றவர் வயிற்றுக்குச் சட்டமாகவும் இல்லை. 2021இல் கருநாடகத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை என்றவுடன் மடாதிபதிகள் கொதித்தெழுந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் கடந்துவந்த தொலைவு விளங்கும்.

தீப்பெட்டியும் தட்டும்

பெருமை பேசிவிட்டால் போதாது, குறையையும் பேசவேண்டும். சிவகாசி இளைஞர் இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர்; மறு ஆண்டு இங்கே தொழில் பிறந்தது; பின்னர்ப் பட்டாசு வந்தது; அச்சகம் வந்தது. மழை பொய்த்த மண்ணுக்கு அது வாழ்வளித்தது உண்மை. அந்த வாழ்வுக்கு விலையாகப் பிள்ளைகள் போனதும் உண்மை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும், விடியுமுன்பே கிராமங்களுக்கு பஸ் வந்து, தூங்கி வழிந்த சிறுவர் சிறுமியரைத் தூக்குவாளியோடு ஏற்றிச் சென்றது. பள்ளியிலே மதிய உணவு இருந்தது. எனினும் அது பிள்ளையின் ஒருவேளைப் பசியைத்தான் ஆற்றும். தொழிற்சாலைக் கூலியோ வீட்டார் அனைவரின் பசியையும் கொஞ்சம் ஆற்றும். பெற்றோர் "தேர்ந்தெடுத்தனர்" என்றால், இந்த இரண்டிலிருந்துதான் தேர்ந்தெடுத்தனர்! சிவகாசிச் சிறார் உழைப்பு பற்றிய வழக்கிலே, 1996 டிசம்பர் 10ஆம் நாள், உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிள்ளையை வேலைக்கு வைத்தவர் பிள்ளை ஒன்றுக்கு ரூ. 20,000 கட்டவேண்டும், அதன் வீட்டிலே பெரியவர் ஒருவர்க்கு வேலை தேடித்தரவேண்டும், இயலாவிடின் அரசு நிதி சேர்க்கவேண்டும். பிள்ளையின் கல்வியைப் பெரியவரின் கூலியோடு முடிச்சுப் போட்ட அந்தத் தீர்ப்பு, நோயின் வேரைத் தொட்டது.

இன்று பிள்ளை பள்ளியிலே; தாய் தொழிற்சாலையிலே. காலையிலே கம்பெனி வண்டி வருமுன் அவள் எத்தனை காய் நறுக்குவாள்? எந்தப் பயறை ஊறவைத்து முளைகட்டுவாள்? ஆசிரியனாகிய நான் முதல் பாடவேளையிலே தலை சாய்க்கும் பிள்ளையிடம், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், "காப்பியும் பன்னும்" என்ற விடையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முற்காலத்து வாத்தியார் அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிப் பிரம்பை எடுத்தார். குற்றவாளி பிள்ளையன்று, காலி வயிறு! 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையிலே தொடங்கி, 2023 ஆகஸ்டிலே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் அந்தப் பிரம்புக்குப் பதிலாக வந்த பொங்கலும் கிச்சடியும் ஆகும். 2024இலே, காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது சென்றது.

பந்தியிலே போட்ட கோடு

தட்டிலே சத்து இருந்தாலும், தட்டுக்கு நடுவே கோடு இருந்தால்? சேரன்மாதேவி குருகுலத்தை நினையுங்கள். காங்கிரசு நிதியும் பெற்று, தேசியக் கல்வி என்ற பெயரால் வ. வே. சு. அய்யர் நடத்திய அந்த இல்லத்திலே, பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி! 1924-25இலே பெரியாரும் வரதராசுலுவும் எழுப்பிய கண்டனக் குரல் நாட்டையே உலுக்கியது. சோற்றுப் பந்தியிலே பிறந்த அந்தக் கேள்விதான் ஓர் இயக்கத்துக்கு வழிவகுத்த காரணங்களிலே ஒன்று.

அது பழைய கதை என்று பெருமூச்சு விடாதீர்கள். 2023இலே, அதே எட்டயபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலே, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தாள் என்பதற்காகக் காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் தடுத்தனர் பெரியவர்கள். மதிய உணவின் தொட்டிலான மண்ணிலே இந்த மாசு! பசித்த பிள்ளையின் வாயைப் பொத்திய கை எது? வறுமையின் கையன்று, சாதியின் கை. எந்த ஊட்டச்சத்து அட்டவணையிலும் இந்தக் காரணம் எழுதப்பட்டிருக்காது. நாம்தான் எழுதவேண்டும்.

பெண்ணின் தட்டையும் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்திலே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். கடைசியிலே உண்பது கற்பின் இலக்கணம் என்றார்கள். கணவன் உடல்நலத்துக்கு மனைவி பட்டினி கிடப்பது விரதம் என்றார்கள். விரதத்தின் பலன் யாருக்குக் கிட்டியதோ அறியோம்; சோகை மட்டும் தவறாமல் அவளுக்குக் கிட்டியது.

இன்றைய கணக்கு

"படி அரிசி ஒரு ரூபாய்" என்று 1967இல் அண்ணா தொடங்கியது, இன்று விலையில்லா அரிசியாக நியாயவிலைக் கடையிலே கிடைக்கிறது. பட்டினிச் சாவு என்ற சொல்லையே விரட்டிய சாதனை அது. ஆனால் தானியத்திலிருந்தே இந்தியர் தம் ஆற்றலில் நூற்றுக்கு 50 முதல் 70 பங்குவரை பெறுகின்றனர். பருப்பு, இறைச்சி, மீன் வகையிலிருந்து 14 பங்கு வரவேண்டிய இடத்திலே 6 முதல் 9 பங்குதான் வருகிறது என்று அந்த 2024 நெறிநூலே சொல்கிறது. வயிறு நிறைந்தது, உடல் நிறையவில்லை. 2023இலே வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டிலே 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்றது. பஞ்சத்திலே தானியமின்றிச் செத்தவர் பேரன், வெண்சோறும் மைதாப் பரோட்டாவும் பொட்டலத் தின்பண்டமும் மிகுந்து நோயாளியாகிறான். நேற்று ஏழையின் கலயத்திலே இருந்த குதிரைவாலி, இன்று செல்வர் வீட்டுக் கண்ணாடிச் சீசாவிலே விலையுயர்ந்து வீற்றிருக்கிறது!

ஆகவே, தோழர்களே, உணவு நெறியைச் சுவரிலே ஒட்டுவதோடு நம் கடமை தீராது. விளைபவனுக்குக் கம்புக்கும் பயறுக்கும் கட்டுபடியாகும் விலை வேண்டும். நியாயவிலைக் கடையிலே அரிசியோடு பருப்பும் சிறுதானியமும் தாராளமாக வரவேண்டும். தீப்பெட்டி அடுக்கும் கைக்கு, காய்கறி வாங்கும் கூலி வேண்டும். பள்ளிக்கூட அடுப்பை எவர் ஏற்றினாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையிலே உண்ணவேண்டும். வீட்டிலே பெண் முதல் பந்தியிலே அமரவேண்டும். கடைசி இரண்டுக்கும் சர்க்கார் ஆணை தேவையில்லை. இதைப் படிக்கும் இளைஞன் தன் வீட்டிலும் தன் தெருவிலும் இன்றிரவே தொடங்கலாம்.

1877இலே ஏழையின் சோற்றுக்கு அளவு குறித்தவர் கஜானாவைப் பார்த்துக் குறித்தார். விருதுபட்டிப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஒரு பிடி எடுத்துவைத்தனர். இனி குறிக்கும் அளவு எதைப் பார்த்துக் குறிக்கப்படவேண்டும் என்பதை, அறிவும் மானமும் உடைய தலைமுறைதான் தீர்மானிக்கவேண்டும்.